கொக்கும் காக்கையும் மட்டும்தானா?

கேள்வி: பொங்கலுக்கு மன்னார்குடி பக்கம் மாமியார் ஊருக்குப் போகிறோம். போன வருடம் பிள்ளைகளை (8 வயது, 11 வயது) வயல் பக்கம் கூட்டிப் போனேன். இரண்டு மணி நேரம் நடந்தும் கொக்கு, காக்கை தவிர ஒன்றும் கண்ணில் படவில்லை. பைனாகுலர் இல்லாததுதான் குறையா? இந்தப் பனியில் பூக்களும் பெரிதாக இருக்காதே?

பதில்: நடந்ததுதான் குறை. பேச்சும் சிரிப்புமாக மூன்று பேர் வரப்பில் வந்தால் பறவைகள் நீங்கள் பார்ப்பதற்கு முன்பே எழுந்து போய்விடும். இந்த முறை உட்காருங்கள். குளத்தங்கரையில், வெயில் முதுகில் விழும்படி ஓரிடம் பிடித்து, காலை ஆறரையிலிருந்து எட்டரை வரை. பொங்கல் சமயத்தில் அங்கே விடிவதே ஆறரைக்குத்தான்.

முதல் பத்து நிமிடம் எதுவும் இருக்காது, பிள்ளைகள் நெளிவார்கள். கையில் முறுக்கு கொடுத்து வையுங்கள். அப்புறம் சேற்றோரத்தில் ஒரு மண்கட்டி நகரும். அதுதான் மடையான், உங்கள் ஊரில் குருட்டுக் கொக்கு என்பார்கள். உட்கார்ந்திருக்கும்போது சேற்று நிறம். எழுந்து பறந்தால் வெள்ளை வெளேர் என்று இருக்கும். நீங்கள் 'கொக்கு' என்று ஒதுக்கியதிலேயே நாலைந்து வகை உண்டு. கதிர் அறுக்கும் மெஷின் பின்னால் கூட்டமாகப் போவது உண்ணிக்கொக்கு. கிளம்பும் பூச்சிகளைப் பிடிக்கத்தான் போகிறது.

மின்கம்பியில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் பிளவுபட்ட வால்காரர்கள் தகைவிலான்கள், வடக்கேயிருந்து வந்த விருந்தாளிகள். கருவேல முள்ளின் உச்சியில் கண்ணில் அகலமாக மை தீட்டியதுபோல ஒரு பழுப்புக் குருவி கரகரவென்று கத்தினால், அது கீச்சான். மறுநாளும் அதே முள்ளில் தேடுங்கள். தன் இடத்தை லேசில் விடாது.

வீட்டுக் கொல்லையில் மூங்கில் புதர் இருந்தால், விடியும்போதும் பொழுது சாயும்போதும் காது கொடுங்கள். இரண்டு சுரத்தில் ஒரு விசில் கேட்டால் ஆறுமணிக் குருவி. பச்சை முதுகு, நீலத் திட்டு, வாலடியில் சிவப்பு என்று அத்தனை நிறம் இருந்தும், சருகைப் புரட்டிக்கொண்டு தரையிலேயே திரிவதால் கண்ணில் படுவது அரிது. கேட்டதே போதும் என்பேன்.

பூ இருக்காது என்பது சரியில்லை. மழை விட்ட ஈரத்தில் தும்பை வெள்ளையாகப் பூத்துக் கிடக்கும். மாமரமும் இப்போதுதான் பூக்கத் தொடங்குகிறது. ஒரு பூங்கொத்தைக் கிளையோடு மெல்லத் தாழ்த்திப் பாருங்கள்: ஆண் பூவும் இருபால் பூவும் ஒரே கொத்தில் கலந்திருக்கும், மேலே சின்னச் சின்ன ஈக்கள். 'ஈதானே' என்று விரட்ட வேண்டாம். மாம்பூவின் மகரந்தச் சேர்க்கையில் தேனீயைவிட ஈக்களுக்குப் பங்கு அதிகம். ஈ வராவிட்டால் மாவடுவும் குறையும்.

பிள்ளைகளுக்கு நான் சொல்லும் வேலை ஒன்று. நீர் வற்றிய குளத்தோரம் தேள்கொடுக்குச் செடி இருக்கும். பூங்கொத்து தேள் வால்போலச் சுருண்டிருப்பதால் கண்டுபிடிப்பது சுலபம். ஒரு செடியைப் பிடுங்கி இரண்டு நாள் வெயிலில் தலைகீழாகக் கட்டித் தொங்கவிடுங்கள். ஒன்பது மணி வெயிலில் நீலவரியன் போன்ற வண்ணத்துப்பூச்சிகள் அந்தக் காய்ந்த செடியை மொய்க்கலாம். பெரும்பாலும் ஆண் பூச்சிகள்தான். பெண்ணைக் கவரும் வாசனையைத் தயாரிக்க அந்தச் செடியிலுள்ள ரசாயனம் அவற்றுக்கு வேண்டும். செடியைத் தொட்ட கையை மட்டும் கழுவச் சொல்லுங்கள்.

பைனாகுலர் இந்த வருடம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. வாங்குவதானால் 8×32 (எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன் லென்ஸ் 32 மி.மீ.) வாங்குங்கள். பிள்ளைகள் கையில் 10 மடங்கு காட்டுவது ஆடிக்கொண்டே இருக்கும். பொம்மைக் கடைச் சரக்கு வேண்டவே வேண்டாம்.

ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். அறுவடைக் காலத்தில் வரப்பிலும் வைக்கோலிலும் கண்ணாடி விரியன் இருக்கும். மூடிய ஷூ போடாமல் வயலில் இறங்கக் கூடாது. வைக்கோல் போருக்குள் கை விடக் கூடாது. இருட்டில் டார்ச் வேண்டும்.

பொங்கல் நாட்களில் தமிழ்நாடு முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பும் நடக்கிறது. குறைந்தது 15 நிமிடம் ஓரிடத்தில் பார்த்ததை இபேர்டு (eBird) என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் பதியலாம். மூத்த பிள்ளையிடம் அந்த வேலையை விடுங்கள். ஒருநாள் வடுவூர் ஏரிப் பறவைகள் சரணாலயத்துக்கும் போய் வாருங்கள், தஞ்சாவூர் போகும் வழியில்தான் இருக்கிறது. காணும் பொங்கலன்று மட்டும் வேண்டாம், கூட்டம் இருக்கும்.