ஸ்போர்ட்ஸ் கார்: லீஸா, சொந்தமா?

கேள்வி: அமெரிக்காவில் 80,000 டாலர் விலையுள்ள பிஎம்டபிள்யூ எம்3 காருக்கு, 36 மாத லீஸில் மாதம் 1,310 டாலர் கேட்கிறார்கள், வரி தனி. இந்தத் தொகை எப்படி வருகிறது?

பதில்: மூன்றாண்டுக்குப் பின் காரின் மதிப்பு இவ்வளவு இருக்கும் என்று நிதி நிறுவனம் முன்கூட்டியே நிர்ணயிக்கும் தொகைக்கு ரெசிடுவல் என்று பெயர். அது 55 விழுக்காடு என்று கொண்டால் 44,000 டாலர். மீதமுள்ள 36,000 டாலர் தேய்மானத்தை 36 மாதங்களுக்குப் பிரித்தால் மாதம் 1,000 வரும். பிறகு 80,000-ஐயும் 44,000-ஐயும் கூட்டி, மணி ஃபேக்டர் எனப்படும் 0.0025-ஆல் பெருக்கினால் 310 கிடைக்கும். மணி ஃபேக்டரை 2,400-ஆல் பெருக்கிப் பாருங்கள். ஆண்டு வட்டி 6 விழுக்காடு என்பது புலப்படும். 0.0025 என்று எழுதினால் அது வட்டியாகவே கண்ணில் படுவதில்லை. விற்பவருக்கு அது வசதிதான். விற்பனையாளர்கள் இந்த எண்ணைச் சற்று உயர்த்திச் சொல்வதுண்டு என்பதால், நிதி நிறுவனத்தின் அடிப்படை விகிதம் என்ன என்று தயங்காமல் கேளுங்கள்.

கேள்வி: 10,000 டாலர் முன்பணம் கட்டினால் தவணை குறையுமல்லவா?

பதில்: குறையும். ஆனால் இரண்டாம் மாதமே கார் திருடுபோனாலோ விபத்தில் முற்றிலும் சிதைந்தாலோ, காப்பீட்டுத் தொகை உரிமையாளரான நிதி நிறுவனத்துக்கே முதலில் செல்லும். அது போதாதபோது இடைவெளியை நிரப்பும் கேப் (gap) காப்பீடும் நீங்கள் தர வேண்டிய பாக்கியைத்தான் ஈடுகட்டும். கட்டிய முன்பணம் பெரும்பாலும் போனது போனதுதான். லீஸில் முன்பணத்தை இயன்றவரை குறைத்துக்கொள்வதே என் பரிந்துரை.

கேள்வி: மாதம் ஒருமுறை ரேஸ் டிராக்குக்குச் செல்வேன். எக்ஸாஸ்டையும் மாற்ற எண்ணியிருக்கிறேன்.

பதில்: அப்படியானால் சொந்தமாக வாங்குங்கள். லீஸ் காரில் செய்த மாற்றங்களை அகற்றி, பழைய நிலையில்தான் ஒப்படைக்க வேண்டியிருக்கும். தேய்ந்த டயருக்கும் கட்டணம் உண்டு. ஒப்பந்தத்தில் குறித்த மைல் வரம்பைத் தாண்டினால் அதற்கும் கட்டணம் உண்டு; கூடுதல் மைலுக்கு 25 சென்ட் என்றால், 5,000 மைலுக்கு 1,250 டாலர்.

கேள்வி: மறுவிற்பனை மதிப்பை வைத்து முடிவு செய்யலாமா?

பதில்: செய்யலாம். போர்ஷே 911 ஜிடி3 போல் மதிப்பைத் தக்கவைக்கும் காரை வாங்குவேன். டேகான் போல் விரைவாக விலை சரியும் மின்காரை லீஸுக்கு எடுத்து, அந்தச் சரிவை நிதி நிறுவனத்தின் தலையில் விடுவேன்.

கேள்வி: லீஸ் முடிந்து வந்த எம்3-ஐ வாங்கலாமா?

பதில்: வாங்கலாம், 1,200 மைலில் செய்யவேண்டிய முதல் சர்வீஸ் நடந்ததற்கான பதிவை மட்டும் கேட்டுப் பாருங்கள்.