மறியல் வழக்கில் தலைவர் கூண்டேறிச் சாட்சி சொல்லாதது ஏன்?

பாம்பன் பக்கம் மீனவர்களுக்காக ரயிலை மறித்த தலைவர், தன் வழக்கில் சாட்சி சொல்லவில்லையே, பயமா என்று கேட்டிருக்கிறீர்கள். அது அவருடைய உரிமை. அரசியல் சட்டம் 20(3) படி குற்றம் சாட்டப்பட்ட யாரையும் தனக்கு எதிராகவே சாட்சி சொல்ல வைக்க முடியாது. அவரே எழுதிக் கொடுத்தால்தான் சாட்சி ஆகலாம்; ஆகவில்லை என்பதை அரசு வக்கீலோ நீதிபதியோ குறையாகப் பேசவே கூடாது (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் பிரிவு 315; அதற்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தில் இப்போது பிரிவு 353).

ஏறினால் சத்தியம் செய்ய வேண்டும், அப்புறம் குறுக்கு விசாரணை. "தண்டவாளத்தில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்தது யார்?" என்று கேட்டால், தங்கச்சிமடத்துப் பையன்கள் பெயரை அவர் வாயாலேயே சொல்ல வேண்டிவரும். அந்த மௌனத்தை நான் மதிக்கிறேன்.

சரி, ஒன்றுமே பேச முடியாதா? அரசுத் தரப்பு சாட்சிகள் முடிந்ததும் நீதிபதி கேட்கும்போது (பி.என்.எஸ்.எஸ். பிரிவு 351), சத்தியம் செய்யாமலே தன் பக்கத்தைச் சொல்லலாம்.