லென்ஸ் ஷார்ப்பாக இல்லை என்று கேமரா பிராண்டையே மாற்றலாமா?

"டிஎஸ்எல்ஆரில் ஓரங்கள் மசமசவென்று வருகின்றன, எல்லாவற்றையும் விற்றுவிட்டு வேறு பிராண்ட் மிரர்லெஸ்ஸுக்குப் போகலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். (டிஎஸ்எல்ஆர் என்றால் உள்ளே பிரதிபலிப்புக் கண்ணாடி வைத்த கேமரா, மிரர்லெஸ் என்றால் அது இல்லாதது.) ரிவ்யூக்களைப் பார்த்துப் பார்த்து ஏற்கெனவே பாதி முடிவு செய்திருப்பீர்கள். தயவுசெய்து ஒரு வாரம் பொறுங்கள். நான் பொறுக்கவில்லை.

எங்கள் குடும்பம் மொத்தமும் ஒன்றுகூடிய ஒரு நாளில் 35 எம்எம் லென்ஸில், எஃப்4 அப்பர்ச்சரில் (ஒளி நுழையும் துவாரத்தின் அளவு) ஒரு குழுப்படம் எடுத்தேன். கணினியில் பெரிதாக்கிப் பார்த்தால், வலது ஓரத்தில் நின்ற சித்தப்பாவின் சட்டைப் பொத்தானில் நாலு துளையையும் எண்ணலாம். அதே வரிசையில் இடது ஓரத்தில் இருந்த பாட்டியின் மூக்குக்கண்ணாடிச் சட்டமோ இரண்டிரண்டாகக் கரைந்து கிடந்தது. சர்வீஸுக்குக் கொடுத்தேன். மூன்று வாரம் வைத்திருந்துவிட்டு, "எல்லாம் வரம்புக்குள் இருக்கிறது" என்று ஒரு சீட்டோடு திருப்பிக் கொடுத்தார்கள். அந்த வரம்பு என்ன என்று கேட்டதற்குப் பதிலே இல்லை. அந்தக் கோபத்தில் கேமரா பாடி, நாலு லென்ஸ், ஃபிளாஷ் எல்லாவற்றையும் வந்த விலைக்குத் தள்ளிவிட்டு வேறு பிராண்டுக்கு மாறினேன்.

புது 24-70 ஜூமில் வலது ஓரம் மங்கல்!

அதன் பிறகுதான் டிசென்டரிங் பற்றித் தேடிப் படித்தேன். லென்ஸுக்குள் ஒரு கண்ணாடி அச்சிலிருந்து துளி விலகினாலோ சாய்ந்தாலோ ஒரு பக்கம் மட்டும் கெடும். இது எந்த பிராண்டிலும் வரும், பீஸுக்குப் பீஸ் மாறும். பிறகு நண்பரிடம் நான் விற்ற அதே மாடல் 35 எம்எம் லென்ஸை அவர் கேமராவோடு இரவல் வாங்கி எடுத்துப் பார்த்தேன். இரண்டு ஓரமும் ஒரே மாதிரி, அவ்வளவு சுத்தமாக வந்தது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். தொலைவில் உள்ள கட்டடத்தின் சன்னல் கம்பியை நடுவில் வைத்து, லைவ் வியூவில் (கேமராவின் பின்திரையில் பார்த்து) ஃபோகஸ் செய்து, மேனுவல் ஃபோகஸுக்கு மாற்றிவிடுங்கள். அப்பர்ச்சரை முழுதாகத் திறந்து, அதே கம்பியை நாலு மூலைக்கும் கொண்டுபோய் நாலு படம் எடுங்கள். நாலும் ஒரே அளவு மங்கல் என்றால் அந்த லென்ஸின் வடிவமைப்பே அப்படி. ஒரு மூலை மட்டும் மோசம் என்றால் பெரும்பாலும் உங்கள் பீஸில்தான் கோளாறு. வேறொரு லென்ஸிலும் அதே மூலை கெட்டால் பாடியைச் சந்தேகப்படுங்கள். நடுப்பகுதியே மங்கல், ஆனால் லைவ் வியூவில் மட்டும் தெளிவு என்றால், அது ஏஎஃப் ஃபைன் டியூனில் (ஆட்டோஃபோகஸைத் திருத்தும் கேமரா அமைப்பு) சரியாகக்கூடிய சங்கதி.

மிரர்லெஸ் வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் சண்டைக்கு வர வேண்டாம். டிஎஸ்எல்ஆருக்கான நிக்கான் எஃப் மவுண்டில் (லென்ஸைப் பூட்டும் வளையம்) சென்சாருக்கும் மவுண்டுக்கும் இடையே 46.5 மிமீ, கேனான் இஎஃப்பில் 44. 2018-இல் வந்த மிரர்லெஸ் மவுண்டான நிக்கான் இசட்டில் அது 16, கேனான் ஆர்எஃப்பில் 20. பிரதிபலிப்புக் கண்ணாடி ஏறி இறங்க இடம் விடவேண்டியதில்லை என்பதால் வைடு லென்ஸ் வடிவமைப்பவர்களுக்குக் கை தாராளமாகிறது. அந்த ஆதாயம் நிஜம். ஆனால் அச்சு விலகிய பீஸை எந்த மவுண்டும் காப்பாற்றாது.

  

நாலு மூலைப் படங்களையும் எடுத்து, அளவைக் குறைக்காமல் அனுப்புங்கள். பார்த்துச் சொல்கிறேன். அதுவரை விற்பனை விளம்பரம் எதுவும் போடாதீர்கள்.