குற்ற நிகழ்விடத்தில் யாருக்கு என்ன வேலை? – கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

திண்டுக்கல் பக்கம் எம்.எஸ்சி. வேதியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். துப்பறியும் தொடர் எது வந்தாலும் விடமாட்டேன். கொலை நடந்த இடத்துக்குப் போய், தடயம் சேகரித்து, ஆளைக் கண்டுபிடிக்கிற வேலைக்குத்தான் போக வேண்டும் என்று பிளஸ் டூவிலிருந்தே ஆசை. அப்பா, "எஸ்.ஐ. பரீட்சை எழுது, அதுதான் அந்த வேலை" என்கிறார். எங்கள் பேராசிரியை, "லேபுக்குப் போ, ஸ்டேஷன் பொண்ணுங்களுக்குச் சரிப்படாது" என்கிறார். நீங்கள் நீதிமன்றச் செய்தியாளராக இருந்தவர். அந்த வேலை உண்மையில் எப்படி இருக்கும்?

வே.

அன்புள்ள வே.,

நீங்கள் ஆசைப்படும் அந்த ஒற்றை வேலை தமிழ்நாட்டில் கிடையாது. அதை நாலைந்து பேர் பிரித்துச் செய்கிறார்கள். கொலை வழக்கை விசாரிப்பவர் இன்ஸ்பெக்டர். ரேகை எடுப்பது காவல்துறையின் விரல்ரேகைப் பிரிவு. உடற்கூறாய்வு அரசு மருத்துவருடையது. ரத்தம், விஷம், வெடிமருந்து எல்லாம் மயிலாப்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட தடய அறிவியல் துறைக்குப் போகும். 1849-இல் சென்னையில் தொடங்கிய வேதியியல் பரிசோதகர் அலுவலகத்தின் வழிவந்த துறை அது. உள்துறையின் கீழ் இருந்தாலும் காவல்துறையின் கிளை அல்ல. இந்தப் பிரிவினை அவசியம் என்றே நினைக்கிறேன். ஒருவன்மேல் சந்தேகப்படுகிறவரே, அவன் சட்டையில் இருப்பது யாருடைய ரத்தம் என்றும் முடிவு சொல்லக் கூடாது.

1952-இல் சென்னையை உலுக்கிய ஆளவந்தார் கொலை வழக்கைப் பாருங்கள். தலையில்லாத உடல் ரயிலில் ஒரு டிரங்குப் பெட்டிக்குள் மானாமதுரையில் கிடைத்தது. தலை ராயபுரம் கடற்கரையில் ஒதுங்கியது. இரண்டும் ஒரே ஆளுடையவைதானா என்பதைச் சென்னை மருத்துவக் கல்லூரியில் பார்த்துச் சொன்னார்கள். விரல்ரேகை ஆளவந்தாரின் பழைய ராணுவப் பதிவோடு பொருந்தியது. போலீஸ், மருத்துவர், ரேகை பார்த்தவர் ஆகிய மூவரில் ஒருவர் சறுக்கியிருந்தாலும் அந்த வழக்கு நின்றிருக்காது.

"கேஸ் நிக்குமா?" என்பதுதான் காவல் நிலையத்தில் அடிக்கடி கேட்கிற கேள்வி. ஆள் யாரென்று பல கொலைகளில் அன்றைக்கே தெரிந்துவிடும். அதற்குப் பிறகுதான் வேலையே. ஒரு தெருவில் வெட்டு விழுந்தால் முதலில் வந்து சேர்வது ரோந்துக் காவலர். அவர் கயிறு கட்டிக் கூட்டத்தை விலக்காவிட்டால் பின்னால் வரும் நிபுணருக்கு எதுவும் மிஞ்சாது. இன்ஸ்பெக்டர் வந்து பார்வை மகஜர், அதாவது இடத்தில் கண்டதைப் பதியும் குறிப்பு, எழுதி, மாதிரி வரைபடம் போட்டு, பெரும்பாலும் வி.ஏ.ஓ.விடமும் அவர் உதவியாளரிடமும் சாட்சிக் கையெழுத்து வாங்குவார். ரத்தம் தோய்ந்த மண்ணை ஒரு டப்பாவில் எடுப்பார்கள். சற்றுத் தள்ளி, ரத்தம் படாத மண்ணை இன்னொரு டப்பாவில் எடுப்பார்கள். ஒப்பிட்டுப் பார்க்க அந்த ரத்தம் படாத மண்ணும் வேண்டும். ரத்தச் சட்டையை ஈரத்தோடு பிளாஸ்டிக் கவரில் திணித்தால் பூஞ்சை பிடித்து டிஎன்ஏ கெட்டுப்போகும். நிழலில் உலர்த்திக் காகித உறையில் போட வேண்டும். பிறகு எல்லாம் படிவம் 95 என்கிற பொருள் பட்டியலில் ஏறி நீதிமன்றம் போய், மாஜிஸ்திரேட்டின் கடிதத்தோடு ஆய்வகத்துக்கு வரும். நீங்கள் லேபில் இருந்தால் முதலில் பார்க்கப்போவது மைக்ராஸ்கோப்பை அல்ல, அந்த உறையின் முத்திரை உடையாமல் இருக்கிறதா என்பதைத்தான்.

கொலை வழக்கின் எஃப்.ஐ.ஆரை நள்ளிரவானாலும் ஒரு காவலர் மாஜிஸ்திரேட் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். பெற்றுக்கொண்ட நேரத்தை மாஜிஸ்திரேட் அதிலேயே எழுதிக் கையெழுத்துப் போடுவார். சில வருஷம் கழித்து வழக்கு விசாரணைக்கு வரும்போது எதிர்த்தரப்பு வக்கீல் கையில் எடுப்பது அந்த நேரத்தைத்தான். "சம்பவம் ராத்திரி ஒன்பது மணி. எஃப்.ஐ.ஆர். கோர்ட்டுக்கு வந்தது மறுநாள் மத்தியானம். நடுவில் உட்கார்ந்து கதை ஜோடித்தீர்கள் என்கிறேன்." அதற்குப் பதில் சொல்ல முடியாமல் கூண்டில் நின்ற நல்ல இன்ஸ்பெக்டர்களையும் பார்த்திருக்கிறேன்.

அப்பா சொல்வது பாதி சரி. எஸ்.ஐ. ஆனால் நிகழ்விடத்துக்குப் போவீர்கள். ஆனால் அது உங்கள் நாளில் ஒரு சிறு பங்கு. மீதியெல்லாம் மனு விசாரணை, வாகனச் சோதனை, கோர்ட் ஆஜர், பந்தோபஸ்து. தீபத்துக்குத் திருவண்ணாமலை, சித்திரைத் திருவிழாவுக்கு மதுரை, அக்டோபர் கடைசியில் பசும்பொன் என்று அனுப்பிக்கொண்டே இருப்பார்கள். கைதி உள்ளே இருந்தால் வழக்கைப் பொறுத்து 60 அல்லது 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை போட்டாக வேண்டும், இல்லையென்றால் அவர் ஜாமீன் கேட்டு வெளியே போய்விடலாம். பந்தோபஸ்து டியூட்டிக்காக அந்தக் கெடு ஒரு நாள்கூட நகராது. காவலர்களுக்கு வாரம் ஒரு நாள் ஓய்வு என்று 2021-இல் அரசாணை வந்தது. அது முழுதாகக் கிடைக்கிறதா என்று யாராவது ஒரு காவலரின் மனைவியிடம் கேட்டுப் பாருங்கள்.

பேராசிரியை சொன்னதை நான் ஏற்கவில்லை. 2020 ஜூனில் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் அடிக்கப்பட்ட தந்தையும் மகனும் இறந்தபோது அந்த நிலையமே குற்ற நிகழ்விடமானது. அன்றிரவு நடந்ததை விசாரிக்க வந்த மாஜிஸ்திரேட்டிடம் சொன்னது அங்கே பணியில் இருந்த ஒரு பெண் தலைமைக் காவலர். உடன் வேலை பார்ப்பவர்களுக்கு எதிராக, அதே கட்டடத்தில் இருந்துகொண்டு, லத்தியிலும் மேஜையிலும் ரத்தக்கறை இருப்பதைச் சொன்னார். காக்கி போட்டால் "சீக்கிரம் கேஸை முடி" என்று மேலிருந்து நெருக்குவார்கள். அடித்து வாங்குகிற வாக்குமூலம் சட்டப்படி செல்லாது, அதன் வழியாக ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால் அந்தப் பகுதி மட்டும்தான் எடுபடும். இது எல்லோருக்கும் தெரிந்தும் அடி நிற்கவில்லை. மண்ணையும் சட்டையையும் ஒழுங்காக எடுக்கத் தெரிந்த அதிகாரிக்குக் கை ஓங்க வேண்டிய தேவையே இல்லை. அப்படிப்பட்டவர்கள் ஸ்டேஷனுக்கு வர வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

இருந்தாலும் நீங்கள் எழுதியதைப் படிக்கும்போது உங்கள் மனம் ஆளைப் பிடிப்பதைவிடத் தடயத்தின் மேல்தான் இருப்பதாகப் படுகிறது. 2024 ஜூலை 1-இல் அமலுக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி, ஏழு வருஷமோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றங்களில் தடய நிபுணர் நேரில் போயே ஆக வேண்டும். முழுதாக நடைமுறைக்குக் கொண்டுவர மாநிலங்களுக்கு ஐந்தாண்டு அவகாசம் உண்டு. ஆகவே லேபுக்குப் போனாலும் களம் உங்களுக்குக் கிடைக்கும். இளநிலை அறிவியல் அலுவலர் பதவிக்கு டி.என்.பி.எஸ்.சி. அறிவிக்கை வரும்போது கல்வித்தகுதியை வரி விடாமல் படியுங்கள்.

அதற்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். திண்டுக்கல் மாவட்ட நீதிமன்றத்தில் கொலை வழக்கு விசாரணை நடக்கிற ஒரு நாளில் போய்ப் பின் பெஞ்சில் உட்காருங்கள். பெரும்பாலான வழக்குகளை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். விசாரணை அதிகாரியின் குறுக்கு விசாரணையை முழுதாகக் கேட்டுவிட்டு எனக்கு எழுதுங்கள்.