ரத்தான ‘ஃபியூச்சராமா’வின் டிவிடி பெட்டியை இன்று காசு கொடுத்து வாங்குவது முட்டாள்தனமா?

உங்கள் கேள்வியைப் படித்ததுமே வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று தெரிந்துவிட்டது. ‘ஃபியூச்சராமா’ என்ற அந்த அமெரிக்கக் கார்ட்டூன் தொடரின் பழைய பெட்டி இணையத்தில் எங்கோ விலைக்கு வந்திருக்கிறது. வாங்கலாமா என்று வாயைத் திறந்திருப்பீர்கள். “அதுதான் ஹுலு ஓடிடியில் இருக்கிறதே, இந்தத் தகட்டைப் போட்டுப் பார்க்க நம்மிடம் கருவி ஏது?” என்று யாரோ மடக்கியிருப்பார்கள். மடக்கியவர் சொன்னதில் தப்பில்லை. ஆனாலும் மனம் ஒப்பவில்லை, இங்கே வந்து கேட்கிறீர்கள்.

வாங்குங்கள். காரணத்துக்கு அப்புறம் வருகிறேன். அந்தத் தொடரின் முதல் தொகுப்பை இரண்டு முறை விலை கொடுத்து வாங்கியவன் நான். முட்டாள்தனத்தைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் தகுதி உண்டு.

2002இல் ஓஹையோ மாநிலத்தில் படித்துக்கொண்டிருந்தேன். ஃபாக்ஸ் தொலைக்காட்சி இந்தத் தொடரை ஞாயிறு மாலை 7 மணிக்குத் தள்ளியிருந்தது. அதற்கு முன்னால் கால்பந்து. ஆட்டம் நீண்டால் அந்த வாரம் தொடர் கிடையாது. அமெரிக்கக் கால்பந்து நேரத்துக்கு முடிந்து நான் பார்த்ததும் இல்லை. தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, சோறு ஆறி, கடைசியில் யாரோ ஒரு பயிற்சியாளரின் பேட்டியைப் பார்த்துவிட்டு எழுந்த ஞாயிறுகள் எத்தனையோ. ரத்து என்று யாரும் வாய்விட்டு அறிவிக்கவும் இல்லை. பெண் பார்த்துவிட்டு, “ஊருக்குப் போய்க் கடிதம் போடுகிறோம்” என்று போனவர்களைப் போல, புதிய எபிசோடுகள் வேண்டும் என்று கேட்காமலேயே இருந்துவிட்டார்கள். கையிருப்பில் கிடந்தவற்றை 2003 ஆகஸ்ட் 10 வரை கிள்ளிக் கிள்ளிக் கொடுத்தார்கள்.

இதற்கிடையில் பிரிட்டனில் 2002 தொடக்கத்திலேயே முதல் சீசன் டிவிடியாக வந்துவிட்டது. அமெரிக்கத் தொடர், அமெரிக்காவில் பெட்டி இல்லை! பொறுமை இல்லாமல் லண்டனிலிருந்து வரவழைத்தேன். பெட்டி வந்தது. கருவியில் போட்டேன். மண்டலம் சரியில்லை என்று ஒரு வரி காட்டிவிட்டுத் தகட்டைத் துப்பியது. டிவிடிக்கு மண்டலம் என்று ஒன்று உண்டு, அமெரிக்காவுக்கு 1, பிரிட்டனுக்கு 2 என்பதெல்லாம் அன்றுதான் எனக்குத் தெரியும். (தெரியாமலா வாங்கினாய் என்று கேட்கப் போகிறவர்களுக்கு: ஆமாம், தெரியாமல்தான் வாங்கினேன்.)

என் அறையில் ஒரு மதுரைக்கார அண்ணன் இருந்தார். கணிதத்தில் ஆராய்ச்சி மாணவர். அவருடைய மடிக்கணினியில் டிவிடி ஓடும். அதில் மண்டலத்தை மாற்றவும் வழி இருந்தது, ஆனால் ஐந்தே முறைதான். மாற்றும் இடத்திலேயே எத்தனை வாய்ப்பு மீதி என்று எண் காட்டும். சனிக்கிழமை நான் 2 என்று மாற்றுவேன். அண்ணனிடம் பழைய கௌபாய் படங்கள் ஒரு வரிசை இருந்தன, எல்லாம் அமெரிக்கத் தகடுகள். ஞாயிற்றுக்கிழமை அவர் 1க்குத் திருப்புவார். “தம்பி, இந்த எண் குறைந்துகொண்டே வருகிறதே?” என்றார் ஒரு நாள். “அது ஒன்றுமில்லை அண்ணா, கணினியைப் புதிதாக நிறுவினால் மறுபடி ஐந்தாகிவிடும்” என்றேன். பொய் சொல்லவில்லை. உண்மையிலேயே அப்படித்தான் நம்பினேன்.

ஐந்தாவது மாற்றத்தை அவர் ஊரில் இல்லாத ஓர் இரவில், கேட்காமல் செய்தேன். எண் 0 ஆனது. மூன்று எபிசோடுகளைப் பார்த்துவிட்டு, அவர் வருவதற்குள் சரிசெய்துவிடலாம் என்று விண்டோஸை முழுவதும் அழித்துத் திரும்ப நிறுவினேன். விடிய நான்கு மணி இருக்கும். திறந்து பார்த்தால் அதே 0. கணக்கைக் கணினி வைத்திருக்கவில்லை. தகடு ஓடும் அந்தக் கருவியே தன் வயிற்றுக்குள் வைத்திருந்தது.

மறுநாள் அண்ணன் தன் கௌபாய்த் தகட்டைப் போட்டார். வெளியே வந்தது. சட்டை நுனியில் துடைத்து மறுபடி போட்டார். வந்தது. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் கீறல் இருக்கிறதா என்று பார்த்தார். மூன்றாவது முறையும் வந்த பிறகுதான் என் பக்கம் திரும்பினார். நான் சொன்னேன். சற்று நேரம் பேசவில்லை. “ஆக, இது இனிமேல் இங்கிலாந்துக் கணினி” என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அந்தக் கணினியில் ஓடக்கூடிய ஒரே பெட்டி என்னுடையது என்பதால், வேறு வழியில்லாமல் அவரும் பார்க்க ஆரம்பித்தார். “பொம்மைப் படத்துக்கா இந்தப் பாடு?” என்று முணுமுணுத்தவர், பின்னணிச் சுவர்களில் இருக்கும் வேற்றுக்கிரக எழுத்துகளைக் கண்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். காட்சியை நிறுத்தி, மளிகை ரசீதின் பின்புறத்தில் குறிகளை வரைந்து, முதல் எழுத்துமுறையை ஒரே மாலையில் உடைத்துவிட்டார். அது வெறும் ஒன்றுக்கு ஒன்று மாற்று. இரண்டாவதில்தான் வாரக்கணக்கில் மாட்டிக்கொண்டார். அதில் ஒவ்வொரு குறிக்கும் ஓர் எண். அதிலிருந்து முந்தைய குறியின் எண்ணைக் கழித்தால்தான் எழுத்து கிடைக்கும். எழுத்தாளர்களில் ஒருவரான கென் கீலர் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றவர் என்று தெரிந்த பிறகு, தொடரைப் பற்றி நான் குறை சொன்னால்கூட அவருக்குக் கோபம் வந்தது.

இதைத்தான் உங்களுக்கும் சொல்ல வந்தேன். தொலைக்காட்சியில் ஓடி மறைந்ததைப் பெட்டியில் நிறுத்தி வைத்துப் பார்க்கலாம். முதல் சீசனுக்கென்று 13 எபிசோடுகள் தயாரானாலும் ஃபாக்ஸ் முதல் சீசன் என்று 9ஐத்தான் காட்டியது. நான்கு சீசன்களாகத் தயாரானதை ஐந்தாக்கி ஒளிபரப்பியது. டிவிடியில் தயாரித்த வரிசையிலேயே நான்கு தொகுப்புகளாக 13, 19, 22, 18 என்று மொத்தம் 72 எபிசோடுகள். அந்த 72க்கும் தயாரிப்பாளர்களும் குரல் கொடுத்தவர்களும் சேர்ந்து பேசும் ஒலித்தடம் உண்டு. முதல் முறை கதைக்காகப் பார்த்தேன். பிறகு பார்த்ததெல்லாம் அந்தப் பேச்சுக்காக. தனியாகச் சாப்பிடும் இரவுகளில் நாலு பேர் பக்கத்தில் உட்கார்ந்து அரட்டை அடிப்பது போலிருக்கும். இதைப் பெட்டி இல்லாமல் நீங்கள் கேட்பது கடினம்.

எல்லாத் தொடருக்கும் இதே பதில் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ‘டாரியா’ என்ற கார்ட்டூன் தொடர் 2010இல் டிவிடியாக வந்தபோது, உரிமைச் செலவு கட்டுப்படியாகாமல் அதிலிருந்த பாடல்களில் பெரும்பாலானவற்றை மாற்றிவிட்டார்கள். ஆக, எதை வாங்கினாலும் இசை பழையதுதானா என்று விசாரித்துவிட்டு வாங்குங்கள்.

வாங்கியபின் இரவல் கொடுக்காதீர்கள். இதைச் சொல்லும்போதே எனக்கு வயிறு எரிகிறது. என்னுடைய இரண்டாம் தொகுப்பையும் குக்கரையும் ஒரே நாளில் இரவல் வாங்கிக்கொண்டு போன நண்பர் ஒருவர், வேறு மாநிலத்துக்கு வேலை கிடைத்துப் போய்விட்டார். ஒன்பது மாதம் கழித்துக் குக்கர் தபாலில் வந்தது, வெயிட் இல்லாமல். வெயிட் இல்லாத குக்கரை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் என்ன செய்வான்? கேட்டால், “ஒரு குக்கருக்கா இப்படி?” என்று என்னைத்தான் கஞ்சன் என்றார்கள். தொகுப்பு இன்றுவரை வரவில்லை.

பெட்டி விற்றதால்தான் தொடர் உயிர்த்தெழுந்தது என்று நான் சொல்வதாக யாரும் சண்டைக்கு வர வேண்டாம். 2003 ஜனவரியிலிருந்து கார்ட்டூன் நெட்வொர்க்கின் ‘அடல்ட் ஸ்விம்’ இரவு நிகழ்ச்சி வரிசையில் ஓடிய மறு ஒளிபரப்புக்கும் அதில் பங்கு உண்டு. ஆனால் 2002இல் ரத்தான ‘ஃபேமிலி கை’ என்ற இன்னொரு ஃபாக்ஸ் கார்ட்டூன், டிவிடி விற்பனைக்குப் பிறகு 2005இல் திரும்பி வந்ததைத் தொலைக்காட்சிக்காரர்கள் எல்லோரும் பார்த்தார்கள். கடையில் காசு கொடுத்தவர்களின் எண்ணிக்கை அவர்களுக்குப் புரிகிற மொழி. என் பெட்டி அந்தக் கணக்கில் ஓர் ஒற்றை எண். அதிலும் முதலில் வாங்கியது இங்கிலாந்துக் கணக்கில் போயிருக்கும். 2003 மார்ச்சில் அமெரிக்கப் பதிப்பு வந்த அன்றே வாங்கி, மலிவான கருவி ஒன்றோடு சேர்த்து அண்ணன் மேசையில் வைத்தேன். மன்னிப்புக் கடிதம் எழுத எனக்கு வராது.

தொடர் 2007 நவம்பரில் திரும்பி வந்தது, தொலைக்காட்சியில் அல்ல, நேரடியாக டிவிடியில், முழுநீளப் படமாக. எடுத்த எடுப்பிலேயே, தங்களை ரத்து செய்த நிறுவனத்தை வேறு பெயரில் கிழித்துத் தொங்கவிட்டிருந்தார்கள். அப்போது நாங்கள் வேறு வேறு ஊர்களில் இருந்தோம். பார்த்து முடித்ததும் அண்ணனைத் தொலைபேசியில் அழைத்து, தகட்டை அவருக்கு அனுப்பிவைக்கிறேன் என்றேன்.

“அனுப்பு தம்பி. ஆனால் முதலில் அட்டையைத் திருப்பு. பின்பக்கம் என்ன எண் போட்டிருக்கிறது?”

“ஒன்று, அண்ணா.”

“இன்னொரு முறை பார்த்துச் சொல்லு.”