மெய்நிகர் உலகில் ஒரு நாளை நிம்மதியாகக் கழிக்க முடியுமா?

"ஜெயிப்பதற்கு ஒன்றும் இல்லை, முடிப்பதற்கும் ஒன்றும் இல்லை. அப்புறம் செகண்ட் லைஃப் என்ற அந்த இணைய மெய்நிகர் உலகில் நாள் முழுக்க என்னதான் செய்வீர்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

சுற்றுவேன். அவ்வளவுதான். நான் பினாங்குக்காரன். சாயங்காலம் கர்னி டிரைவில் நடக்கிறவர்களிடம் போய் எதற்கு நடக்கிறீர்கள் என்று யாரும் கேட்பதில்லையே!

எனக்குப் பிடித்த நேரம் சனிக்கிழமை காலை 10 மணி. அந்த உலகத்துக் கடிகாரம் கலிபோர்னியா நேரப்படி ஓடும். நமக்குச் சனி காலை 10 என்றால் அங்கே வெள்ளி இரவு 7, குளிர்காலமாக இருந்தால் 6. நான் ரொட்டி சானாய் தின்று கை கழுவிவிட்டு உட்காரும்போது, அமெரிக்கக்காரர்கள் வேலை முடிந்து வந்து பாட்டுக் கச்சேரியை ஆரம்பித்திருப்பார்கள். பாடுபவர் பக்கத்தில் ஓர் உண்டியல் இருக்கும். அந்த உலகத்துக் காசான லிண்டன் டாலரில் 100 போட்டாலும் நம் காசுக்கு ஒரு தே தாரேக் டீயின் விலைதான். போடாவிட்டாலும் யாரும் முறைப்பதில்லை. கணக்கு தொடங்கவும் காசு கிடையாது.

கச்சேரி அலுத்தால் பிளேக் சீ பக்கம் போய்விடுவேன். பாய்மரப் படகு ஓட்டுபவர்கள் கூடும் கடல் அது. நிலமும் கடலும் 256 மீட்டர் சதுரங்களாகப் பிரிந்து கிடக்கும். ஒன்றிலிருந்து அடுத்ததற்குள் நுழையும்போது என் பழைய மடிக்கணினிக்கு மூச்சு முட்டும், படகு ஒரு குலுக்கு குலுக்கும். பட்டர்வொர்த் பெர்ரியில் போய் வந்த உடம்புக்கு அது ஒன்றும் பெரிதில்லை.

ஆனால் நான் திரும்பத் திரும்பப் போவது பேச்சுக்காகத்தான். அங்கே சாதாரணமாக எழுதினால் 20 மீட்டருக்குள் நிற்பவர்களுக்கு மட்டுமே தெரியும். கிசுகிசுத்தால் 10 மீட்டர், கத்தினால் 100. இது தெரியாமல் முதல் வாரம் ஒரு கடற்கரையில் தள்ளி நின்றுகொண்டு வருவோர் போவோருக்கெல்லாம் வணக்கம் சொன்னேன். ஒருவரும் திரும்பவில்லை. சரியான திமிர் பிடித்த கூட்டம் என்று மூடிவைத்துவிட்டேன். அடுத்த வாரம் தற்செயலாக அவர்கள் உட்கார்ந்திருந்த மரக்கட்டை வரை நடந்து போனபோதுதான் அவர்கள் பேசுவதே என் திரையில் வந்தது. வாட்ஸ்அப் குழுவில் இருநூறு பேர் காதில் ஒரே நேரத்தில் கத்துகிறோம். இங்கே ஒருவரோடு பேச அவர் பக்கத்தில் போய் நிற்க வேண்டியிருக்கிறது. பேச்சு சலித்தால் கொஞ்ச தூரம் தள்ளிப் போனாலே போதும், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

நேரம் போவதும் தெரியாது. இடத்துக்குச் சொந்தக்காரர் மாற்றி வைக்காதவரை, அங்கே 4 மணி நேரத்தில் ஒரு நாள் முடிந்துவிடும்: 3 மணி நேரம் பகல், 1 மணி நேரம் இரவு. போன வாரம் அப்படித்தான், அந்தக் கடற்கரையில் இரண்டாவது அஸ்தமனம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆயர் ஈத்தாம் சந்தைக்குப் போன அம்மா திரும்பி வந்து, பையைக் கூட இறக்காமல் என் திரையை எட்டிப் பார்த்தார்.

"யாருடா அது, நீல முடி?"

"வான்கூவர்ல இருக்காங்கம்மா. நர்ஸா இருந்து ரிட்டையர் ஆனவங்க."

"காலைல நான் போறப்பவும் அங்கேயேதான நின்னுச்சு? சாப்பிட்டுச்சான்னு கேளு."

கேட்டேன். இல்லை, இப்போதுதான் சூப்பைச் சுட வைக்கப் போகிறேன் என்று எழுதிவிட்டு எழுந்து போனார். சில நிமிடம் யாரும் விசைப்பலகையைத் தொடாவிட்டால் அங்கே அவருடைய உருவம், அதாவது அவதார், நின்றபடியே தலையைத் தொங்கப்போட்டுவிடும். அம்மா மீனைக் கழுவி வைத்துவிட்டு மறுபடி வந்து பார்த்தார்.

"பாவம், தூங்கிருச்சு. எழுப்பாத."