அப்பாவின் மின்சக்கர நாற்காலி: தானே ஓட்டும் கருவி வேண்டுமா?

வணக்கம் சகோதரி. லண்டனில் அப்பாவுக்கு வாங்கிய 8 மைல் வேக மின்சக்கர நாற்காலியில், தானே ஓட்டும் கருவியைப் பொருத்தலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தெருவுக்கு மட்டும் வேண்டவே வேண்டாம்.

பிரிட்டனின் 1988ஆம் ஆண்டு விதிகளின்படி அப்பாவின் நாற்காலி மூன்றாம் வகுப்பு, அதாவது சாலையிலும் ஓட்டக்கூடிய வகை. சாலையில் மணிக்கு 8 மைல் வரை போகலாம். நடைபாதையில் 4 மைல்தான். ஓட்டுநர் உரிமம் தேவையில்லை, ஆனால் டிவிஎல்ஏ என்ற வாகனப் பதிவு அமைப்பில் பதிவு செய்தே ஆக வேண்டும். காப்பீடு கட்டாயமில்லை, இருந்தாலும் எடுத்துவிடுங்கள். யார் காலிலாவது ஏறிவிட்டால் பழி அப்பாவின் தலையில் விழும்.

தானே ஓட்டும் இந்தக் கருவிகள் சுவரையும் ஆளையும் கண்டுகொள்ளும். நடைபாதை விளிம்பின் பள்ளமும் கண்ணாடிக் கதவும்தான் அவற்றை எளிதில் ஏமாற்றும். என் மாமாவின் நாற்காலியை வீட்டுக்குள் சோதித்தபோது, படியின் விளிம்புக்கு ஒரு சாண் தூரத்தில் நான் இழுத்துப் பிடித்தேன். நினைத்தால் இன்றும் கை நடுங்குகிறது.

இன்னொன்று: மோட்டார் அருகே சிறு நெம்புகோல் இருக்கும். அது கையால் தள்ளும் நிலையில் இருந்தால் பிரேக் பிடிக்காது, சரிவில் நாற்காலி உருண்டுவிடும். அப்பா உட்காரும் முன் தினமும் அதைத் தொட்டுப் பாருங்கள்.